மணமண்டபத்தில் மூடுபனி



மார்கழி மாதத்து விடியற்காலையிலே வன்னி வயல்வெளிகளுக்குச் செல்பவர், வரம்புகளை மறைத்துக்கொண்டு வெண்படலமாகக் கிடக்கும் மூடுபனியைக் கண்டிருப்பர். நுவரெலியாவுக்கு மலைப்பாதையால் ஏறுபவருக்கோ பகலிலும் அக்காட்சி கிடைக்கும். நிலம் மறைந்து, அதன்மேல் நிற்கும் மரமும் மனிதரும் மட்டும் தெரியும்போது, அவர்கள் எதன்மேல் நிற்கின்றார்கள் என்று அறியாத ஒரு மயக்கம் காண்பவர் மனத்திலே தோன்றுகின்றது. திரைப்படக்காரர் தேவலோகத்தைக் காட்டவேண்டிய போதெல்லாம் நடிகரின் கால்களை வெண்புகையில் மறைத்து வந்தமைக்கும் இந்த மயக்கமே காரணமாகும்.

அந்தத் தேவலோகம் இப்பொழுது கலியாண மண்டபத்துக்கும் வந்துவிட்டது. வரவேற்பு வைபவத்திலே விளக்குகள் தணிகின்றன, இசை எழுகின்றது, மணமக்கள் கைகோத்து நடுவே வருகின்றனர், அவர்களின் பாதங்களைச் சூழ்ந்து வெண்மேகம் பரவுகின்றது. மேகத்தின்மேல் மிதப்பவர் போல அவர்கள் ஒரு பாட்டு முடியும்வரை ஆடுகின்றனர். இதனை முதல் நடனம் என்பர். ஐரோப்பியரின் நடனவிருந்துகளிலே, சிறப்புக்குரியவர் முதலில் ஆடித் தொடக்கிவைத்த பின்னரே ஏனையோர் களத்தில் இறங்குவது மரபு. மணவிருந்திலே சிறப்புக்குரியவர் மணமக்களே ஆதலின், அம்முதன்மை அவர்களுக்கு உரியதாயிற்று. இலங்கையிலே பறங்கியர் குடும்பங்களிலும் ஆங்கிலக் கல்வி பெற்ற கிறித்தவக் குடும்பங்களிலும் முன்பே வழங்கிய இவ்வழக்கம், இன்று கொழும்பிலும், இலண்டன், தொறொன்ரோ முதலிய நகரங்களிலே வாழும் தமிழர் நடுவிலும் காணப்படுகின்றது.

இது நமது மரபன்று என்று முகஞ்சுளிப்பாரும் உளர். அந்த வழக்கை இங்கே தீர்க்கவேண்டியதில்லை. ஆசைப்பட்ட பிள்ளைகள் ஆடத்தான் போகின்றார்கள். அந்த ஆசையைக் கடன்படாமலும், எவருக்கும் தீங்கு நேராமலும் நிறைவேற்றுவது எப்படி என்பதே பெற்றோர் அறியவேண்டியது.

நடுத்தர வருவாயுள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். மண்டபத்துக்கு முற்பணம் கொடுத்தாயிற்று. சாப்பாடு, கூறைச்சேலை, தாலி, படம் பிடிப்பவர் என்று பட்டியல் நீண்டுவிட்டது. கடைசியாக மகள் தயங்கித் தயங்கி மூடுபனியைப் பற்றிச் சொல்கின்றாள்.

"புகைக்கும் காசோ, பிள்ளை?" என்கின்றார் தகப்பனார்.

"மூன்று நிமிசந்தானே, அப்பா" என்கின்றாள் மகள்.

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. புகைக்குக் காசு கொடுப்பது அவருக்கு மனம் ஒப்பாத காரியம். ஆயின், மகள் சொன்ன மூன்று நிமிடம் என்ற சொல்லிலேதான் சிக்கனத்தின் திறவுகோல் இருக்கின்றது. அதனை அறிவதற்கு முன்னர், இந்த மூடுபனி யாது என்று அறிதல் வேண்டும்.

காற்றிலே கண்ணுக்குப் புலப்படாத நீராவி எப்போதும் கலந்திருக்கின்றது. காற்றுக் குளிரும்போது அந்த நீராவி நுண்ணிய நீர்த்துளிகளாக ஒடுங்குகின்றது. அத்துளிகள் தம்மீது படும் ஒளியின் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவிற் சிதறச் செய்கின்றன. ஆகவே கூட்டமாக நிற்கும்போது வெண்மையாகத் தெரிகின்றன. நுவரெலியாவின் மூடுபனியும் இதுவே. மண்டபத்தில் எழும் உயர்ந்த வகை மூடுபனியும் இதுவே. மலையிலே உயரமும் இரவும் செய்யும் வேலையை மண்டபத்திலே உலர்பனி செய்கின்றது.

உலர்பனி என்பது காபனீரொட்சைட்டு வாயுவின் திண்மவடிவம். நீர்மக் காபனீரொட்சைட்டு அடைக்கப்பட்ட கலத்தைத் திறந்தபோது வெண்பனிபோல் ஒரு பொருள் உண்டானதைக் கண்டு 1835ஆம் ஆண்டிலே உலகுக்கு அறிவித்தவர் பிரான்சு நாட்டவராகிய திலோரியே என்பவர். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அது ஆய்வுகூடத்துப் புதுமையாகவே இருந்தது. 1925இல் அமெரிக்காவிலே அது விற்பனைப் பொருளாகி, இன்றுள்ள பெயரையும் பெற்றது. ஐஸ்கிறீமையும் மீனையும் மருந்தையும் கெடாமற் கொண்டுசெல்ல அது பயன்படுகின்றது. 2020ஆம் ஆண்டின் இறுதியிலே கொரோனாத் தடுப்பூசிகளுட் சிலவற்றை நாடுவிட்டு நாடு கொண்டுசென்றதும் உலர்பனி நிரப்பிய பெட்டிகளிலேதான்.

அதன் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 78.5 பாகை செல்சியசு. அது உருகி நீராவதில்லை. திண்மநிலையிலிருந்து நேரே வாயுவாகின்றது. இதனையே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பதங்கமாதல் என்று படிக்கின்றார்கள். சுடுநீரிலே உலர்பனித் துண்டுகளை அமிழ்த்தினால், பொங்கியெழும் குளிர்வாயு சுடுநீரின் ஆவியைக் குளிரச் செய்து அடர்ந்த மூடுபனியை உண்டாக்குகின்றது. காபனீரொட்சைட்டு காற்றைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமுள்ளது; குளிர்ந்திருக்கும்போது அதன் கனம் இன்னும் கூடும். ஆதலால் அம்மூடுபனி மேலே எழாது நிலத்தோடு ஒட்டிப் பரவுகின்றது. கண்ணுக்குத் தெரியும் வெண்மை நீர். அதனை ஏந்திச் செல்லும் வாயு கண்ணுக்குத் தெரியாது. இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்திலே இருத்திக்கொள்வது நன்று. பின்னர் இது வேண்டப்படும்.

மூடுபனியை ஆக்கும் வழிகள் மூன்று. முதலாவது, மேற்சொன்ன உலர்பனி. வெந்நீர்த் தொட்டியும், உலர்பனியை நீரில் இறக்கும் கூடையும் கொண்ட இயந்திரம் இதற்கு வேண்டும். சிறிய இயந்திரமொன்று நான்கைந்து கிலோகிராம் உலர்பனியைக் கொண்டு சில நிமிடங்களுக்கு மூடுபனி தரும். காட்சிக்கு இதனை விஞ்சுவது வேறில்லை. ஆனால் இயந்திரத்துக்கு வாடகை, உலர்பனிக்கு விலை, இயக்குபவருக்குக் கூலி என்று செலவு மூன்றாகப் பெருகும்.

இரண்டாவது, சாதாரணப் புகை இயந்திரம். கிளைக்கோல் அல்லது கிளிசரின் கலந்த நீரைச் சூடாக்கி வெளியே தள்ள, அது காற்றிலே நுண்துளிகளாகின்றது. பாட்டுக் கச்சேரிகளுக்கு ஒலி ஒளி அமைப்போர் பலரிடம் இது உண்டு. ஆகவே மலிவாகக் கிடைக்கும். குறை யாதெனில், சூடாக வருவதனால் இப்புகை மேலெழுந்து மண்டபம் முழுவதையும் நிறைத்துவிடும். மணமக்களின் கால்களை மறைக்கவேண்டியது முகங்களை மறைத்துவிடும். இதற்கு எளிய பரிகாரம் ஒன்றுண்டு. மீன் கொண்டுசெல்லும் ரெஜிபோம் பெட்டி போன்ற ஒன்றிலே, கம்பி வலையின்மேல் சாதாரண ஐஸ் கட்டிகளைப் பரப்பி, புகையை ஒரு பக்கத்தால் உட்செலுத்தி, ஐசினூடே சென்று மறுபக்கத்தின் அடியிலுள்ள துவாரத்தால் வெளிவரச் செய்தல் வேண்டும். குளிர்ந்த புகை சிறிது நேரம் நிலத்தோடு தவழும். உலர்பனியின் அடர்த்தி இதற்கு வாராது. எனினும் ஒரு பாட்டுக்குப் போதும். இயந்திரத்தின் வாய் மிகுந்த சூடுடையது ஆகையால், அது பெட்டியைத் தொடாதபடி சிறிது இடைவெளி விடுதல் அவசியம்.

மூன்றாவது, செவிக்கு எட்டாத ஒலியதிர்வினால் நீரை நுண்துளியாக்கும் கருவி. வீடுகளிலே அலங்காரத் தடாகங்களில் வைக்கும் சிறிய கருவியும் இவ்வினத்ததே. அச்சிறு கருவியின் பனி ஒரு முழத்துக்கு அப்பால் மறைந்துவிடும். அது நிறைகுட மேடையின் ஓரத்தையோ கேக் வைத்த மேசையையோ அழகுபடுத்தும், ஆடுகளத்தை மூடாது. வாங்கச் செல்பவர் விளம்பரப் படத்தைக் கண்டு ஏமாறாதிருத்தல் வேண்டும். இவ்வகையிற் பெரிய இயந்திரங்களும் உண்டு. அவற்றுக்கு வாடகையும் பெரிது. எவ்வகையாயினும் அதிலிடும் நீர் சுத்தமானதாயிருத்தல் வேண்டும். அந்நீரே துளியாகி விருந்தினரின் மூச்சிற் கலக்கின்றது.

இனிச் சிக்கனத்தைப் பார்க்கலாம். மகள் சொன்னபடி வேண்டியது மூன்று நிமிடம். மண்டபம் முழுவதற்கும் மூடுபனி வேண்டியதில்லை; மணமக்கள் ஆடும் இடத்துக்கு வேண்டும். படம் பிடிப்பவர் எவ்விடத்திலிருந்து பிடிப்பார் என்று முன்னரே பேசிக்கொண்டு, ஆடுகளத்தை நாலைந்து மீற்றர் சதுரமாகச் சுருக்கினால், பெரிய இயந்திரம் வேண்டிய இடத்திலே சிறியது போதும்.

அடுத்தது காற்று. மேலே சுழலும் மின்விசிறி ஒன்றே நூறு இயந்திரங்களின் உழைப்பைக் கெடுக்க வல்லது. ஆடுகளத்துக்கு நேரேயுள்ள மின்விசிறிகளை அந்த மூன்று நிமிடத்துக்கு மட்டும் நிறுத்திவைத்து, பாட்டு முடிந்தவுடன் மறவாது இயக்குதல் வேண்டும். பூச்சாடிகளையோ தாழ்ந்த மறைப்புகளையோ இரு பக்கமும் நிறுத்தினால் பனி சிதறாது நிற்கும்.

மூன்றாவது ஒளி. மூடுபனி தானாக ஒளிர்வதில்லை. தன்மேற் படும் ஒளியையே காட்டுகின்றது. மேல்விளக்குகளைத் தணித்து, நிலமட்டத்திலிருந்து பக்கவாட்டாக இரண்டு விளக்குகளைப் பாய்ச்சினால், சிறிதளவு பனியும் பெருமேகமாகத் தோன்றும். இதற்குப் புதிதாகச் செலவில்லை; இருக்கும் விளக்கை இடம்மாற்றி வைப்பதே வேலை. பணங்கொடுத்து வாங்கிய பனியைத் தவறான வெளிச்சத்தில் வீணாக்குவதிலும், அரைப்பங்கு பனியை வாங்கி ஒளியை நன்கு அமைப்பது மேலானது.

நான்காவது நேரம். உலர்பனி எப்பெட்டியில் வைத்தாலும் கரைந்துகொண்டே இருக்கும். கலியாணத்துக்கு முதல்நாள் வாங்கிவைப்பவர், மறுநாள் அதிற் பெரும்பகுதி காற்றோடு போயிருக்கக் காண்பர். அன்றைக்கே வாங்குதல் வேண்டும். இயந்திரத்தின் நீர் சூடாவதற்கும் நேரம் எடுக்கும்; அது மின்கேத்தலைப்போல அல்லது அதற்கு மேலாக மின்சாரம் உண்பது. ஒலிபெருக்கியும் அலங்கார விளக்கும் பூட்டிய அதே இணைப்பில் இதனையும் பூட்டினால், மேகம் எழும் கணத்திலே மண்டபம் இருண்டுவிடக்கூடும். தனி இணைப்பு உண்டோ என்று மண்டபக் காரியாலயத்தில் விசாரித்துக்கொள்ளுதல் தகும். கிளைக்கோல் புகையாயின், தீயறிவிக்கும் கருவி அதனைத் தீப்புகையென்று கொண்டு அலறக்கூடும் என்பதையும் முன்னரே சொல்லி வைக்கவேண்டும்.

இவ்வளவும் காசைப் பற்றியது. காசினும் பெரிய ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் வெண்மை நீர், தெரியாதது வாயு என்று மேலே கூறப்பட்டது. வெண்மை மறைந்த பின்னரும் அவ்வாயு தாழ்ந்த இடத்திலே தங்கிநிற்கும். 1986ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 21ஆந் தேதி, ஆபிரிக்காவிலுள்ள கமரூன் நாட்டிலே, நியோஸ் என்ற ஏரியின் அடியிலே கரைந்திருந்த காபனீரொட்சைட்டு திடீரென வெளிப்பட்டுப் பள்ளத்தாக்குகளின் வழியே நிலத்தோடு தவழ்ந்து சென்றது. ஏறக்குறைய 1,700 மக்கள் அன்றிரவு மாண்டனர். மண்டபத்தில் எழுவது அதன் மிகச் சிறிய சாயல். எனினும் இயல்பு ஒன்றே.

ஒரு கிலோகிராம் உலர்பனி ஐந்நூறு இலீற்றருக்கு மேற்பட்ட வாயுவாகின்றது. ஐந்து கிலோகிராமிலிருந்து ஏறத்தாழ 2.8 கன மீற்றர் வாயு உண்டாகும். 20 மீற்றர் நீளமும் 12 மீற்றர் அகலமும் 4 மீற்றர் உயரமும் உள்ள மண்டபத்திலே அது முழுவதும் கலந்துவிட்டால், நூற்றுக்கு 0.3 பங்குதான், அஞ்சவேண்டியதில்லை. அதே வாயு அரை மீற்றர் உயரத்துக்குள்ளேயே தங்கினாலோ, அங்கே நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டிவிடும். தொழிலிடங்களிலே பதினைந்து நிமிடத்துக்கு மேற்படலாகாது என்று வகுக்கப்பட்ட எல்லை நூற்றுக்கு மூன்று பங்காகும். பெரிய மண்டபத்திலேயே அவ்வெல்லையை அணுகுகின்றோம் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, செலவைக் குறைப்பதற்காக வீட்டிலேயே விழா வைத்து, 6 மீற்றருக்கு 5 மீற்றர் கொண்ட ஓர் அறையைச் சாத்திக்கொண்டு அதே ஐந்து கிலோகிராமைப் பயன்படுத்தினால் என்னாகும்? நிலத்திலிருந்து அரை மீற்றர் உயரத்துக்குள்ளே அவ்வாயுவின் பங்கு ஐந்தில் ஒன்றை அணுகக்கூடும். பத்தில் ஒரு பங்கே சில நிமிடங்களில் மனிதரை நினைவிழக்கச் செய்யப் போதும். நின்று ஆடும் மணமக்களுக்கு ஆபத்துக் குறைவு. அவர்களின் மூக்கு உயரத்தில் இருக்கின்றது. மேகத்தைக் கண்டு மகிழ்ந்து அதனுள்ளே தவழ ஓடும் குழந்தைக்கும், பாயிலே உறங்கும் பச்சிளம் பாலகனுக்கும் அந்த அரை மீற்றரே உலகம். மலிவு நாடி இடத்தைச் சுருக்குவோர், பனியையும் அதற்கேற்பச் சுருக்குதல் வேண்டும். கதவு சன்னல்கள் திறந்த இடமல்லாத சிற்றறையிலே உலர்பனியைத் தொடவே கூடாது.

இது வெறும் அச்சமூட்டலன்று. 2020ஆம் ஆண்டு மாசி மாத இறுதியிலே மொஸ்கோ நகரத்தில் நடந்த ஒரு பிறந்தநாள் விருந்திலே, மூடுபனி எழவேண்டும் என்பதற்காக உள்ளரங்க நீச்சற்குளம் ஒன்றிலே இருபத்தைந்து முப்பது கிலோகிராம் உலர்பனி கொட்டப்பட்டது. மூவர் உயிரிழந்தனர். 2024ஆம் ஆண்டு பங்குனி மாதத் தொடக்கத்திலே இந்தியாவின் குருகிராம் நகரத்து உணவகமொன்றில், வாய்மணக்கக் கொடுக்கப்பட்டது என்று எண்ணி உலர்பனியை வாயிலிட்ட ஐவர் இரத்தம் கக்கி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மொஸ்கோவில் உயிரைப் பறித்தது வாயு. குருகிராமில் வாயைப் புண்ணாக்கியது குளிர். பார்வைக்குக் கற்கண்டுபோல் இருக்கும் பொருள், விருந்து மேசைக்கு அருகே வரவே கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். உலர்பனியை வெறுங்கையால் தொடலாகாது. தடித்த தோற்கையுறை வேண்டும். போத்தலிலோ இறுக மூடிய பாத்திரத்திலோ அடைத்தலாகாது. வாயு பெருகி அது வெடித்துச் சிதறும். வாகனத்தில் ஏற்றிவருபவர் கண்ணாடிகளைத் திறந்து வைத்திருத்தல் வேண்டும். இயந்திரத்தின் அருகே பொறுப்புள்ள ஒருவர் நின்று, பிள்ளைகளை அப்பால் நிறுத்துதல் வேண்டும். மிஞ்சியதை மலசலகூடத்திலோ கைகழுவும் தொட்டியிலோ கொட்டாமல், எவரும் அணுகாத வெளியிடத்திலே திறந்தபடி விட்டால் தானே கரைந்துபோகும். எவருக்கேனும் தலைவலியோ மூச்சுத்திணறலோ கண்டால், அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

தரையைப் பற்றியும் ஒரு சொல். எம்மூடுபனியும் தரையிலே ஈரத்தை விட்டுச் செல்லும். கிளைக்கோல் புகை எண்ணெய் பூசியதுபோன்ற வழுவழுப்பை விடும். நிலம் புரளும் உடையும் உயர்ந்த குதிச் செருப்பும் அணிந்த மணமகள், தன் பாதம் வைக்கும் இடத்தைக் காணமாட்டாள். ஆடுகளத்திலே மின்கம்பி கிடத்தலாகாது. பாட்டு முடிந்ததும், அடுத்தவர் களத்தில் இறங்குமுன், ஒருவர் தரையைத் துடைத்துவிடுதல் நன்று.

தமிழர் இல்லங்களுக்கு உரிய கவலை இன்னும் ஒன்றுண்டு. மங்கல வைபவத்திலே விளக்கு அணைதலை எவரும் விரும்பார். காபனீரொட்சைட்டு தீயை அணைக்கும் வாயு. தரையில் ஏற்றிய அகல்விளக்குகளின்மேல் அது படர்ந்தால் அவை ஒவ்வொன்றாக அணையும். அப்போது மூத்தோர் மனம் கலங்கும். அடுத்த ஆண்டு நேரும் சிறு துன்பத்துக்கும் அவ்விளக்கையே காரணங் காட்டுவோர் இருப்பர். விளக்கை உயரத்தில் வைத்தோ, மேகத்தை அதற்கு எட்டாத இடத்திலே விடுத்தோ இதனைத் தவிர்க்கலாம். ஆயின், விளக்கு எரிகின்றது ஆகையாற் காற்று நல்லது என்று முடிவு கட்டுதல் தவறு. விளக்கை அணைக்கும் அளவிலும் குறைந்த அளவே மனிதரை வருத்தப் போதும்.

இவற்றையெல்லாம் கேட்ட தகப்பனார் என்ன சொல்வார்? ஒலி ஒளி அமைப்பவரிடம் உள்ள புகை இயந்திரம் ஒன்று, கடையில் வாங்கிய சில கட்டி ஐஸ், இடம்மாற்றி வைத்த இரண்டு விளக்கு, நிறுத்திவைத்த ஒரு மின்விசிறி. மகளின் ஆசை இவ்வளவில் நிறைவேறும் என்று கண்டால், அவருடைய முகம் மலரவே செய்யும். உலர்பனிதான் வேண்டும் என்றால், பெரிய மண்டபம், சிறிய அளவு, பழக்கமுள்ள ஆள் என்ற மூன்றும் அமைந்தபின் செய்யட்டும். அம்மூன்றில் ஒன்று குறையினும், குறைந்த செலவுள்ள வழியே காப்பான வழியும் ஆகின்றது. சிக்கனமும் பாதுகாப்பும் இங்ஙனம் ஒரே பக்கத்தில் நிற்பது உலகத்திலே எப்போதும் வாய்ப்பதன்று.

மூன்று நிமிடத்தில் மூடுபனி கலைந்துவிடும். அதன்பின் மணமக்கள் வாழவேண்டியது கடனில்லாத வீட்டிலே, உற்றார் அனைவரும் நலமாக வீடு திரும்பினர் என்ற நிறைவோடு.